துக்ளக் என்னும் கேலிச்சொல்

காஞ்சி மாநகரின் நெசவாளர் தெருக்களில் நடப்போர் ஒரு சொல்லை அடிக்கடி கேட்கலாம். அரசாங்கத்தின் ஆணை ஒன்று காலையில் பிறந்து மாலையில் மாறுமாயின், தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருக்கும் முதியவரும், தேநீர்க் கடையில் நாளிதழ் விரிக்கும் இளைஞரும், "துக்ளக் தர்பார்" என்று ஒரே சொல்லால் தீர்ப்பு வழங்கி விடுகின்றனர். அதற்கு மேல் விளக்கம் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தில்லியில் அரியணை ஏறிய ஒரு சுல்தானின் பெயர், அவர் காணாத ஊரில், அவர் அறியாத மொழியில், கேலிச்சொல்லாக வாழ்ந்து வருகிறது.

அச்சொல் செவியில் விழும்போதெல்லாம் நாம் சற்றே நின்று சிந்திப்பதுண்டு. குடிமக்களின் கேலியைத் தாங்க மாட்டாமல் ஒரு நகரத்தையே காலி செய்தவர் என்று பயணி இப்னு பதூதா எழுதி வைத்த சுல்தான் அவர். அவருடைய பெயரே, ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின், இந்நாட்டில் பேச்சுரிமை பறிக்கப்பட்ட நாள்களில் ஒரு தமிழ் இதழின் முகப்பில் நின்று ஆட்சியாளரைக் கேலி செய்தது. வரலாறு செய்த இச்சிலேடைக்கு ஈடான சிலேடையைப் புலவர் எவரும் செய்ததில்லை. வாய் கட்டப்பட்ட மக்கள் எவ்வாறு நகைக்கின்றனர், அந்நகைப்பு எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய மாட்டாது, அதற்கு வரம்பு உண்டா என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

கச்சியில் எழுந்த இரு சிரிப்புகள்

ஆராய்ச்சியை நம் ஊரிலேயே தொடங்கலாம். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றார் ஔவையார். தொண்டைமானின் தலைநகராகக் கச்சியைக் கூறுதல் மரபு. தன் படைவலிமையை உணர்த்தக் கருதிய மன்னன் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குக் காட்டினான். ஔவையார் அஞ்சவுமில்லை, இகழவுமில்லை. இங்குள்ள கருவிகள் நெய் பூசப்பெற்று, அலங்கரிக்கப்பெற்று, காவலுள்ள மனையில் அழகாக இருக்கின்றன என்று புகழ்ந்தார். தம் மன்னனுடைய வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று வருந்துவார் போலக் கூறி முடித்தார். புறநானூற்றின் 95ஆம் பாடலின் பொருள் இது. புகழ்ந்த கருவி போர் காணாதது. பழித்த கருவி போரில் தேய்ந்தது. ஆயுதம் ஏந்தாத ஒரு பெண்பாற் புலவர், ஆயுதங்களின் நடுவே நின்று ஓர் அரசனை நகையாடி மீண்டார்.

இரண்டாவது சிரிப்பு பல்லவர் காலத்தது. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் எழுதினான். கதை நிகழும் இடமும் காஞ்சியே. குடிமயக்கத்திலுள்ள காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவி ஒருவரே திருடினார் என்று வழக்காடுகிறான். உண்மையில் அதைக் கவ்விச் சென்றது ஒரு நாய். மடத்துப் பணம் உடையவர் நீதிமன்றத்து அலுவலரை வசப்படுத்தலாம் என்ற குத்தலும் அதில் உண்டு. தன் அரசின் நீதிமன்றத்தையே எள்ளிய அம்மன்னனின் பெருந்தன்மை பாராட்டுக்குரியதே. ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. அரசன் எழுதும் நகைச்சுவையால் அரசனுக்கு ஆபத்து இல்லை. ஔவையாரின் சிரிப்பு கீழிருந்து மேல் நோக்கி எழுந்தது. மகேந்திரனின் சிரிப்பு மேலிருந்து கீழ் நோக்கி இறங்கியது. இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். கட்டுரை முழுவதும் இதுவே நமக்கு அளவுகோலாக அமையும்.

மறைமொழியின் இலக்கணம்

ஔவையார் கையாண்ட முறையைத் தமிழர் வஞ்சப்புகழ்ச்சி என்பர். அரபு அணியிலக்கணமாகிய இல்முல் பதீஃ இதனை "தஃகீதுத் தம்மி பிமா யுஷ்பிஹுல் மத்ஹ்" எனப் பெயரிட்டு ஓதுகிறது. புகழைப் போன்ற ஒன்றால் பழிப்பை வலியுறுத்துதல் என்பது அதன் பொருள். கடல் கடந்த இரு மொழிகளின் இலக்கணங்கள் ஒரே உத்தியை அணியாக வகுத்திருப்பது தற்செயலன்று. அஞ்சி வாழும் மனிதன் எங்கும் ஒருவனே.

இதனினும் நுட்பமானது தவ்ரியா. ஒரு சொல்லுக்கு அண்மைப் பொருள் ஒன்றும் சேய்மைப் பொருள் ஒன்றும் இருக்கும். கேட்பவன் அண்மைப் பொருளைக் கொள்வான். சொல்பவன் சேய்மைப் பொருளைக் கருதுவான். மத்ரஸாக்களில் இதற்குக் கூறப்படும் எடுத்துக்காட்டு ஹிஜ்ரத்துப் பயணத்தில் நிகழ்ந்தது. எதிரிகள் தேடி அலைந்த அந்நாளில், உடன் வருபவர் யார் என்று வழியில் வினவியோரிடம், எனக்கு வழி காட்டுபவர் என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் விடை பகர்ந்தார்கள். கேட்டவர் பாலைவன வழிகாட்டி என்று கொண்டார். சொன்னவர் நேர்வழி காட்டும் நபியவர்களைக் (ஸல்) கருதினார். பொய் உரைக்கப்படவில்லை, உயிரும் காக்கப்பட்டது. அடக்குமுறைக் காலத்து மறைமொழியின் முழு இலக்கணமும் இவ்வொரு விடையில் அடங்கியுள்ளது எனலாம்.

சுல்தானும் கடிதங்களும்

இனி முஹம்மத் பின் துக்ளக்கிடம் வருவோம். கி.பி. 1325 முதல் 1351 வரை ஆண்ட இச்சுல்தான் கல்வியில் குறைந்தவர் அல்லர். தத்துவமும் தர்க்கமும் கற்றவர். அழகிய கையெழுத்துக்குப் பெயர் பெற்றவர். ஈகையில் எல்லை அறியாதவர். அவரிடம் தில்லியில் காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, அவர் வாயிலில் செல்வம் பெற்று மீளும் ஏழையையும் தண்டனை பெற்று மடியும் மனிதரையும் ஒருங்கே காணலாம் என்ற கருத்துப்பட எழுதியுள்ளார்.

1327ஆம் ஆண்டை ஒட்டித் தில்லியின் மக்களைத் தக்காணத்துத் தௌலதாபாதுக்குப் பெயர்ந்து செல்லுமாறு சுல்தான் ஆணையிட்டதற்கு இப்னு பதூதா கூறும் காரணம் வியப்புக்குரியது. நகரத்தார் சுல்தானை ஏசியும் எள்ளியும் கடிதங்கள் எழுதி, அவரைத் தவிர வேறு எவரும் பிரிக்கலாகாது என்று மேலே குறித்து முத்திரையிட்டு, இரவில் அரசவை மண்டபத்துக்குள் எறிந்துவிடுவர். சுல்தான் முத்திரையை உடைத்தால் உள்ளே வசைமாரி இருக்கும். எழுதியவர் யார் என்று அறிய வழியில்லை. ஆகவே ஊரையே தண்டித்தார் என்பது அப்பயணியின் கூற்று.

இதனை அப்படியே ஏற்றல் தகுமா? இப்னு பதூதா சிந்து நதியை அடைந்தது 1333இல். நிகழ்ச்சிக்குப் பல ஆண்டுகள் பின்னர். அவர் எழுதியது செவிவழிச் செய்தி. சுல்தானின் அவையில் பல ஆண்டுகள் பழகிய ளியாவுத்தீன் பரனீயோ, நாட்டின் நடுவில் தலைநகர் அமைய வேண்டும் என்ற எண்ணத்தையே காரணமாகக் காட்டுகிறார். செப்பு நாணயத்தை வெள்ளி நாணயத்தின் மதிப்பில் புழங்கச் செய்த திட்டமும் அறிவற்ற திட்டம் அன்று. போலி நாணயத்தைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாமையால் அது வீழ்ந்தது. மதிப்புப் பொறித்த தாளையே பணமாகக் கொள்ளும் நாம் அத்திட்டத்தின் கருத்தைக் கண்டு சிரிக்க உரிமை உடையவர்கள் தாமா?

எனினும் சுல்தான் மீதான குற்றத்தை முற்றும் துடைத்துவிடவும் இயலாது. ஷைகு ஷிஹாபுத்தீன் என்னும் பெரியார் சுல்தானை அநீதியாளர் என்று வெளிப்படையாகவே கூறினார். கூற்றைத் திரும்பப் பெற மறுத்துக் கொலையுண்டார். அப்பெரியாரைச் சென்று கண்ட குற்றத்துக்காக இப்னு பதூதாவே காவலில் வைக்கப்பட்டு, உயிர் பிழைப்போமா என்று அஞ்சிக் கழித்த நாள்களைத் தம் நூலில் எழுதியுள்ளார். கொடுங்கோலன் முன் நீதிமொழி உரைத்தலைச் சிறந்த ஜிஹாத் என்று நபிமொழி போற்றுகிறது. அவ்வுயர்நிலை ஷைகுமார்க்கு வாய்த்தது. எளிய மக்களுக்கு வாய்த்தது இருட்டில் எறிந்த கடிதம். இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தல் ஆகாது. ஆயினும் இரண்டாவதைக் கோழைமை என்று இகழவும் நமக்கு மனம் வரவில்லை.

செங்கொடியின் கீழ் முல்லா நஸ்ருத்தீன்

நவீன உலகில் இவ்விருட்டுக் கடிதத்தைப் பெருங்கலையாக வளர்த்தவர்கள் சோவியத் நாட்டு மக்கள். முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களைக் குறைந்த விலைக்கு வாங்கிப் படித்த தலைமுறை நம்முடையது. அழகிய கட்டும் வழவழப்பான தாளும் கொண்ட அந்நூல்களில், அந்நாட்டு மக்கள் அடுக்களையில் தாழ்ந்த குரலில் பரிமாறிக்கொண்ட நகைத்துணுக்குகள் இடம்பெறவில்லை. பிராவ்தா என்றால் உண்மை. இஸ்வெஸ்தியா என்றால் செய்தி. இரண்டும் அரசுசார் நாளிதழ்களின் பெயர்கள். உண்மையில் செய்தி இல்லை, செய்தியில் உண்மை இல்லை என்று மக்கள் கூறிச் சிரித்தனர். அரபு இலக்கணம் ஓதியவர் இதனைத் தவ்ரியாவின் பாற்படுத்தத் தயங்கார்.

அச்சிரிப்பின் விலை சிறிதன்று. 1927இல் நடைமுறைக்கு வந்த 58ஆம் சட்டப்பிரிவின் 10ஆம் உட்பிரிவு சோவியத் எதிர்ப்புப் பரப்புரையைக் குற்றமாக்கியது. ஸ்டாலின் காலத்தில் ஒரு நகைத்துணுக்கே அப்பரப்புரையாகக் கருதப்பட்டுப் பலர் உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 1931 முதல் 1933 வரை கைதிகளைக் கொண்டு வெட்டப்பட்ட வெண்கடல் கால்வாயைப் பற்றியும் ஒரு துணுக்கு உலவியது. வலக்கரையை வெட்டியவர் யார்? நகைத்துணுக்குச் சொன்னவர். இடக்கரையை வெட்டியவர்? அதைக் கேட்டவர்.

முஸ்லிம் நிலங்களில் நிகழ்ந்தது இன்னும் எண்ணத்தக்கது. 1906இல் திப்லிஸ் நகரில் ஜலீல் மம்மதுகுலிசாதா என்பார் முல்லா நஸ்ருத்தீன் என்னும் பெயரில் ஒரு கேலி இதழைத் தொடங்கினார். அஜர்பைஜான் துருக்கியில் வெளிவந்த அவ்விதழ் ஜார் அரசின் அலுவலரையும், மன்னரையும், போலிச் சமயவாதிகளையும் எள்ளியது. நம்மைப் போன்ற மத்ரஸாக்காரர்கள் அதன் சித்திரங்களில் பெரும்பாலும் பரிகாசத்துக்குரியவராகவே தோன்றினர். அவற்றுள் நாம் ஏற்க இயலாதவையும் உண்டு. இருந்தும் அது தன் நெஞ்சறிந்து சிரித்த இதழ். சோவியத் ஆட்சியில் பாகூ நகரிலிருந்து வெளிவந்த அவ்விதழின் பெயரை, 1931இல் இறைமறுப்பாளன் என்னும் பொருள்பட மாற்றுமாறு ஆட்சியாளர் பணித்தனர். அவ்வாண்டோடு இதழ் முடிந்தது. முல்லாக்களைக் கால் நூற்றாண்டுக் காலம் கேலி செய்த இதழாலும், கட்டளைக்காகக் கேலி செய்து வாழ முடியவில்லை. மேலிருந்து ஏவப்படும் சிரிப்பு சிரிப்பாக நில்லாது. அது அரசாணையின் மற்றொரு படியாகி விடுகிறது.

அதே முல்லா நஸ்ருத்தீன் மற்றொருவருக்குத் துணை நின்ற கதையும் உண்டு. லியோனித் சலவியோவ் என்னும் ரஷ்ய எழுத்தாளர், புகாராவின் அமீரை ஏய்க்கும் நஸ்ருத்தீனைத் தலைவராக்கி 1940இல் ஒரு நாவல் வெளியிட்டார். 1943இல் அது திரைப்படமாயிற்று. 1946இல் அவர் கைது செய்யப்பட்டார். முகாமில் இருந்தவாறே நஸ்ருத்தீனின் இரண்டாம் பாகத்தை எழுதினார். 1954இல் விடுதலையானார், 1956இல் இரண்டு பாகங்களும் ஒன்றாக வெளிவந்தன. பழைய அமீரை நகைத்த கதை எந்தப் புதிய அமீருக்கும் பொருந்தும் என்பதை அந்நாட்டு வாசகர்கள் அறியாமல் இருந்திருப்பார்களா?

நெருக்கடி நிலையில் தமிழகம்

நம் நாட்டில் அத்தகைய இருள் இருபத்தொரு மாதங்கள் கவிந்தது. 1975 ஜூன் 25 இரவில் குடியரசுத் தலைவர் பக்ருத்தீன் அலீ அஹ்மத் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். செய்தித் தணிக்கை வந்தது. ஜூலை 4ஆம் நாள் தடை செய்யப்பட்ட இயக்கங்களுள் ஜமாஅத்தே இஸ்லாமியும் ஆர்.எஸ்.எஸ். அமைப்பும் இருந்தன, இரு திறத்தாரும் ஒரே சிறைகளில் அடைக்கப்பட்டனர். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அன்று இவ்வாட்சியை ஆதரித்து நின்று, 1978இல் பட்டிண்டா மாநாட்டில் அது பிழையென ஏற்றது. மார்க்சிஸ்ட் கட்சி தொடக்கம் முதலே எதிர்த்தது.

சிரிப்பு உடனே வழி தேடிக்கொண்டது. ஜூன் மாத இறுதியிலேயே, பம்பாய் ஆங்கில நாளிதழ் ஒன்றின் மரண அறிவிப்புப் பகுதியில், ஜனநாயகம் என்னும் ஆங்கிலச் சொல்லை ஓர் ஆளின் பெயர்போலப் பிரித்து எழுதி, உண்மையின் கணவரும் சுதந்திரத்தின் தந்தையுமான அவர் ஜூன் 26இல் காலமானார் என்று ஒருவர் விளம்பரம் கொடுத்தார். தணிக்கைக்கு அது தெரியவில்லை. மிசா என்னும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கில எழுத்துகளை, இந்திராவையும் சஞ்சயையும் பேணும் சட்டம் என்று மக்கள் விரித்தனர். தலைவர் பரூவா இந்திராவே இந்தியா என்று புகழ்ந்தது, புகழ்ந்தவரையே நகைப்புக்கு உள்ளாக்கியது. அவ்வாண்டு டிசம்பர் 10இல் அபு ஆபிரகாம் வரைந்த கேலிச்சித்திரத்தில் குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் கிடந்தவாறே அவசரச் சட்டத்தில் கையெழுத்திடுகிறார். சமுதாயத்தைச் சார்ந்த ஒருவர் நாட்டின் முதற்குடிமகனாய் உயர்ந்ததில் பெருமை கொண்டோருக்கு அச்சித்திரம் கசந்திருக்கும். ஆனால் 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட் வீடுகள் இடிக்கப்பட்டபோது, அந்தக் கையொப்பத்தின் விலையை அங்கு வாழ்ந்த ஏழை முஸ்லிம்களே செலுத்தினர் என்பதை நாம் மறைக்கலாகாது.

தமிழகத்தில் 1970 ஜனவரியில் சோ ராமசாமி தொடங்கிய துக்ளக் இதழ், தன் அட்டையைக் கறுப்பாக்கி நெருக்கடி நிலைக்குத் துக்கம் காத்தது. முஹம்மத் பின் துக்ளக் என்னும் அவருடைய 1968ஆம் ஆண்டு நாடகத்தில், சுல்தானும் இப்னு பதூதாவும் உயிருடன் மீண்டதாகக் கூறிக்கொள்ளும் இருவர் இன்றைய அரசியலில் புகுந்து வெற்றி பெறுகின்றனர்.

1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபின் கைதுகள் பெருகின. கைதானோர் பெயர்களை வெளியிடத் தடை. பிப்ரவரி 3ஆம் நாள் அறிஞர் அண்ணாவின் நினைவு நாள். 1909இல் காஞ்சியில் பிறந்து, 1942 முதல் இவ்வூரிலிருந்தே திராவிட நாடு இதழை நடத்தி, எள்ளலையே ஆயுதமாய் ஏந்தியவர் அவர். அந்நாளில் முரசொலி ஏடு, அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதோர் என்று ஊர்வாரியாக ஒரு பட்டியலை வெளியிட்டது. தணிக்கையாளர் அண்மைப் பொருளைக் கண்டார். தமிழகம் சேய்மைப் பொருளை உணர்ந்தது. தம் மகன் எங்கே என்று அறியாதிருந்த தாய்மார்க்கு அப்பட்டியல் செய்தித்தாளே ஆயிற்று. அரசியல் எழுதலாகாது என்ற நிலையில் மு. கருணாநிதி அவ்வேட்டில் வெண்டைக்காயின் குணத்தையும் விளக்கெண்ணெயின் பயனையும் எழுதினார். எழுத விடப்படாததை வாசகர் அவ்வரிகளுக்கிடையே படித்துக்கொண்டனர். மிசா என்ற சொல்லோ, சிறை சென்றவர் பெயருக்கு முன் பட்டம்போல் ஒட்டிக்கொண்டது. அடக்கவந்த சட்டத்தின் பெயர் அடக்கப்பட்டோரின் விருதாயிற்று.

சிரிப்பின் வரம்பு

இனி உண்மையை மறைக்காது உரைப்போம். இவ்வளவு நகைச்சுவையும் ஆட்சியைக் கவிழ்த்ததா? 1977 மார்ச் தேர்தலில் வடநாடு ஆளுங்கட்சியைத் தோற்கடித்தது. தமிழகமோ அக்கட்சி இடம்பெற்ற கூட்டணிக்கே பெருவாரியான இடங்களை வழங்கியது. அரசியல் நகைச்சுவையில் தேர்ந்த நம் மக்கள் அன்று வேறு கணக்குப் போட்டனர். சென்னைச் சிறையில் பட்ட அடியால் நலிந்த சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிர் நீத்தார். அவ்வடியை எந்தச் சிலேடையும் தடுக்கவில்லை. தில்லியில் கடிதம் எறிந்தவர்களும் தௌலதாபாதுக்கு நடந்தே தீர வேண்டியிருந்தது. சிரிப்பு வாளும் அன்று, கேடயமும் அன்று.

பின் அது எதற்கு? அது சாட்சியம். பொய்யை மெய்யென்று ஒப்புக்கொள்ளுமாறு அரசு வற்புறுத்தும்போது, நான் ஒப்பவில்லை என்று ஒருவர் மற்றொருவருக்குத் தெரிவிக்கும் சமிக்ஞை அது. தனித்தனியே அஞ்சிக்கிடந்தவர் இருவர் ஒரு துணுக்கைப் பகிர்ந்து நகைக்கும் கணத்தில், தம் அறிவு பிறழவில்லை என்று இருவரும் தெளிகின்றனர். சர்வாதிகாரம் சிரிப்பைப் பொறுக்காது என்னும் கருத்தைத் தம் விடைபெறும் தலையங்கத்தில் எழுதிவிட்டு, கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1975 ஆகஸ்டில் தம் வார இதழை நிறுத்தியதன் பொருளும் இதுவே.

ஆயினும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் நம் முன் நிற்கிறது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளுவதையும், இழிபெயரிட்டு அழைப்பதையும் அது தடுக்கிறது. எள்ளப்படுவோர் எள்ளுவோரினும் மேலானவராய் இருக்கலாம் என்று எச்சரிக்கிறது. இங்கேதான் கச்சியின் இரு சிரிப்புகளும் நமக்கு வழி காட்டுகின்றன. வலியவனின் அநீதியை நோக்கி மேலெழும் சிரிப்பு, கையாலாகாதவன் கூறும் நீதிமொழி. எளியவனின் சமயத்தையோ தோற்றத்தையோ மொழியையோ நோக்கி இறங்கும் சிரிப்பு கொடுமையின் ஒரு கிளை. ஒரு சமயத்தாரையோ சாதியாரையோ பெயர் சூட்டி இகழும் சொற்கள் இன்று கைபேசித் திரைகளில் அரசியல் நகைச்சுவை என்ற பெயரில் உலவுகின்றன. அவற்றை அனுப்புவோர் தம்மை ஔவையாரின் வாரிசுகளாகக் கருதிக்கொள்ளலாம். ஆனால் ஔவையார் நின்ற இடம் அரண்மனையின் படைக்கொட்டில். இவர்கள் நிற்பது எளியவனின் வாசல்.

துக்ளக் என்னும் சொல்லையும் இவ்வளவுகோலாலேயே நிறுப்போம். ஆளும் ஒருவரின் தான்தோன்றித்தனத்தைக் கடிய அச்சொல் எழுமாயின் அது தன் கடமையைச் செய்கிறது. ஒரு சமயத்தாரின் ஆட்சிக்காலம் முழுமையும் பைத்தியக்காரத்தனம் என்று குறிக்க எழுமாயின், அது வரலாற்றுக்கும் நீதிக்கும் மாறானது. தறிக்குழியில் அமர்ந்து அச்சொல்லைக் கூறும் காஞ்சிப் பெரியவரிடம் நாம் குறை காணவில்லை. அவர் கருதுவது முந்தைய பொருளையே. அவரிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான். சுல்தானை நினைத்து நகைக்கும்போது, முத்திரையிட்ட கடிதத்தை இருட்டில் எறிந்துவிட்டு நெஞ்சு படபடக்க வீடு திரும்பிய பெயரறியாத் தில்லிவாசிகளையும் ஒரு கணம் நினைத்தருள்க. அவர்கள் அஞ்சி அஞ்சி எழுதியதையே நாம் இன்று அச்சமின்றி உரக்கச் சொல்கிறோம். அந்த அச்சமின்மை நிலைக்க வேண்டும் என்பதே நம் இறைஞ்சுதல்.